5,000 டாலருக்கு ஒரு கேள்வி போதும்

இளம் ஆய்வாளர்களின் நிதி விண்ணப்பங்களைப் படிப்பது என் வேலையில் ஒரு பகுதி. சமீபத்தில் வந்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. முதல் பக்கம் முழுக்க ஐ.நா.வின் 17 நிலையான வளர்ச்சி இலக்குகள். இந்த ஆய்வால் வறுமை ஒழியும், பசி தீரும், பருவநிலை சீராகும் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. நான்காம் பக்கத்தில்தான் விஷயம் வருகிறது: விறகுக்கு வெட்டப்படும் அலையாத்திக் காட்டில் கன்றுகள் பிழைக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கப் போகிறாராம். அருமையான கேள்வி! ஆனால் அந்த வரியை எட்டுவதற்குள் மதிப்பீட்டாளர்கள் கைவிட்டுவிட்டார்கள்.

பெரிதாகச் சொன்னால்தான் பணம் கிடைக்கும் என்று யார்தான் சொல்லிக் கொடுக்கிறார்களோ! யுனெஸ்கோவின் ‘மனிதனும் உயிர்க்கோளமும்’ திட்டம் 1989 முதல் இளம் அறிவியலாளர்களுக்கு ஆய்வு விருது தருகிறது. தொகை, அதிகபட்சம் 5,000 டாலர். படகு வாடகை, உதவியாளர் கூலி, தங்கும் செலவு, சில கருவிகள் என்று போட்டால் தீர்ந்துவிடும். இந்தப் பணத்தில், இந்தக் காலத்துக்குள், இவரால் இதை முடிக்க முடியுமா என்றுதான் நாங்கள் பார்க்கிறோம். அந்த 17 இலக்குகளும் அவற்றின் கீழுள்ள 169 உட்கூறுகளும் 2015-இல் அரசுகள் ஏற்றுக்கொண்டவை. அத்தனைக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. கடலோரச் சூழலைப் பற்றிய 14.2 என்ற ஒரே உட்கூறைத் தொட்டாலே போதும். சின்னக் கேள்வி என்றால் மட்டமான கேள்வி என்று அர்த்தமில்லை.

அதே ஆய்வை இப்படி எழுதியிருக்கலாம். வெட்டும் இடத்தில் சில கட்டங்கள், வெட்டாத இடத்தில் சில கட்டங்கள். இரண்டு பருவங்கள் கன்றுகளை எண்ணுவது. கன்று குறைந்தது வெட்டியதாலா, உப்பு ஏறியதாலா என்று பிரித்துச் சொல்ல, ஒவ்வொரு கட்டத்திலும் மண்நீரின் உப்பை அளப்பது. அதற்குக் கையடக்கக் கருவி இருக்கிறது. அப்புறம், விறகு எடுப்பவர்களிடம் எந்த மரம், எந்த மாதம் என்று கேட்பது. இந்தக் கடைசி வேலையைப் பலர் ஒப்புக்குச் சேர்க்கிறார்கள். யுனெஸ்கோவின் அந்தத் திட்டம் அங்கீகரிக்கும் உயிர்க்கோளக் காப்பகம் என்ற ஏற்பாடே மனிதரையும் இயற்கையையும் சேர்த்துப் பார்க்கத்தான் வந்தது. அந்த உரையாடல் இல்லாவிட்டால் பாதி ஆய்வு இல்லை.

சரி, மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த யுனெஸ்கோ விருதுக்கு, உங்கள் நாட்டில் அந்தத் திட்டத்துக்கென உள்ள தேசியக் குழு பரிந்துரைக்க வேண்டும். கடைசி நாள் இரவில் மின்னஞ்சல் அனுப்பி அவர்களை அவசரப்படுத்தாதீர்கள். வயது வரம்பை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள், சீனியர் சொன்னதை நம்பாதீர்கள். காப்பகத்தின் மையப் பகுதியில் கட்டுப்பாடு மிக அதிகம். அனுமதிக்கு முன்கூட்டியே எழுதுங்கள். மாதிரிகளை வேறு நாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால், 2014 முதல் நடைமுறையில் உள்ள நகோயா நெறிமுறை (ஒரு நாட்டின் மரபணு வளங்களைப் பெறுவதையும் அவற்றின் பலனைப் பகிர்வதையும் பற்றிய சர்வதேச ஒப்பந்தம்) உங்களையும் கட்டுப்படுத்தக்கூடும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவே கட்டணம் கேட்டு முன்பின் தெரியாத அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தால், பதிலே போடாதீர்கள்.

நிராகரிப்பு வந்தால் தயவுசெய்து ஒதுங்கிவிடாதீர்கள். மதிப்பீட்டாளர் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், உங்கள் துறையில் இல்லாத ஒரு நண்பரிடம் முதல் பக்கத்தை மட்டும் கொடுத்து, என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவர் திணறினால், அடுத்த சுற்றுக்கு அந்தப் பக்கத்தைத்தான் முதலில் மாற்றி எழுத வேண்டும்.