ரெய்ட் இருக்கே, பிறகு எதுக்கு பேக்கப்?

போன வாரம் தலவாக்கலையிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரத் தம்பி மூன்று ஹார்ட் டிஸ்க்குகளைத் துவாயில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்து ஹட்டனில் இருக்கும் எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். பதினோரு வருடத்துக் கல்யாணம், சாமத்திய வீடு, திருவிழாப் படங்கள் எல்லாம் அதற்குள். ரெய்ட் என்றால் பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் முறை; அவருடையது அதில் ரெய்ட் 5 என்ற வகை, மூன்று டிஸ்க்கும் ஒரே பெட்டியில். ஒரு டிஸ்க் இரண்டு மாதத்துக்கு முன்பே போய்விட்டது, பெட்டி பீப் பீப் என்று கத்தியிருக்கிறது. "சத்தம் கரைச்சலா இருந்துச்சு அண்ணா, செட்டிங்ல போய் நிப்பாட்டிட்டேன்." ரெய்ட் 5 ஒரு டிஸ்க்கின் சாவைத்தான் தாங்கும். அன்று இடியோடு கரண்ட் போய் வந்ததில் இரண்டாவதும் போனது. இந்த வருடம் நான் கேட்கும் நாலாவது கதை இது, நாலு பேரும் கேட்ட கேள்வியும் ஒன்றுதான்: "ரெய்ட் போட்டிருந்தேனே?"

ரெய்ட் என்பது பேக்கப் அல்ல, பேக்கப் என்றால் தனியாக எடுத்து வைக்கும் பிரதி. 1988இல் பெர்க்லியில் மூன்று பேர் இந்த யோசனையை எழுதியபோது, விலை குறைந்த பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டினால் அதில் ஒன்று செத்தாலும் வேலை நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுதினார்கள். நீங்கள் தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் ஒரே ஃபைலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் ரெய்ட் 1இன் இரண்டாவது டிஸ்க்கும் அதே நொடியில் அழிக்கும். வைரஸ் வந்து ஃபைல்களைப் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். பவர் சப்ளை எரிந்து எல்லா டிஸ்க்கையும் ஒன்றாகக் கொண்டுபோனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெட்டியோடு திருடிக்கொண்டு போனால்? கூரை ஒழுகினால்? தயவுசெய்து யோசியுங்கள்.

வீட்டுக்கு இரண்டு டிஸ்க், ரெய்ட் 1, அதோடு தனியாக ஒரு வெளி டிஸ்க்கில் வாராவாரம் பேக்கப் போதும். ரெய்ட் 1இல் ஒரு டிஸ்க்கை மட்டும் கழற்றி லினக்ஸ் கணினியில் மாட்டியே பெரும்பாலும் படித்துவிடுவேன், ரெய்ட் 5இல் அது நடக்காது.

வாங்கும்போது சிஎம்ஆர் டிஸ்க்கா, அதாவது எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகையா என்று கேட்டு வாங்குங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும், ஒன்றைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும், அதனால் செத்த டிஸ்க்குக்குப் பதில் புதியது போட்டு நிரப்பும் ரீபில்ட் நாட்கணக்கில் இழுக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்று 2020இல்தான் ஒப்புக்கொண்டது. இப்போது ரெட் பிளஸ், சீகேட் அயன்வுல்ஃப் இரண்டும் சிஎம்ஆர். அப்புறம், அந்தத் தம்பியின் மூன்று டிஸ்க்கிலும் லேபிளைப் பார்த்தேன், சீரியல் நம்பர்கள் அடுத்தடுத்து வந்தன. ஒரே தொகுதியில் செய்தவை ஒரே காலத்தில் தளரும் ஆபத்து அதிகம், இரண்டு கடையில் வாங்குங்கள். பழைய டிஸ்க் என்றால் டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 5 (பழுதாகி மாற்றிய இடங்கள்), 197 (பழுதென்று சந்தேகப்படும் இடங்கள்) இரண்டின் எண்ணிக்கையும் பூச்சியமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சும்மா தந்தாலும் வேண்டாம்.

யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் பற்றரியில் ஓட்டும் கருவி, இல்லாமல் இந்தப் பெட்டியை ஓட்டாதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி நமக்குத் தெரியாததா? இடி வந்தால் பிளக்கோடு ரவுட்டரிலிருந்து வரும் லேன் வயரையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும். பெட்டியை ஜன்னலோரம் வைக்காதீர்கள், நுவரெலியா பக்கம் மூடுபனி நேராக உள்ளே வரும்.

ஒரு பிரதி வேறு ஊரில், சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். ஏன் என்று மலையக ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு வந்து லயங்களே மண்ணுக்குள் போனதைப் பார்த்தவர்கள் நாம்.

அந்தத் தம்பி பதற்றத்தில் புதிதாக ரெய்ட் உருவாக்கும் பட்டனையும் அழுத்தியிருந்தார். மூன்று இரவு உட்கார்ந்தும் பாதிப் படங்கள்கூடத் தேறவில்லை. பெட்டி பீப் அடித்தால் எதையும் அழுத்தாதீர்கள், சத்தத்தை அல்ல, பெட்டியையே நிறுத்துங்கள், எந்த டிஸ்க் எந்த இடத்தில் இருந்தது என்று பேனையால் எழுதுங்கள், அப்புறம் தெரிந்த ஒருவருக்குக் கோல் எடுங்கள். இரவு பத்து மணி என்றாலும் பரவாயில்லை.