நீளத்தைப் பார்க்காதீர்கள், தலையைப் பாருங்கள்

ஆறேழு பேர் வரிசையாக நின்று நீளமான வெள்ளி நிற மீன் ஒன்றைத் தாங்கிப் பிடித்திருக்கும் படம் காரைக்குடி வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது சுற்றி வருகிறது. "இது கரைக்கு வந்தால் நிலநடுக்கம் நிச்சயம்" என்று கூடவே ஒரு வரி. "அட, நம்ம சாவாளைதானே" என்பவர்களும் உண்டு. இரண்டுமே தவறு.

தொண்டிப் பக்கமிருந்து நம் சந்தைக்கு வரும் சாவாளையின் வாயைத் திறந்தால் பற்கள் விரலைப் பதம் பார்த்துவிடும். வால் நூலாகத் தேய்ந்து முடியும். படத்தில் இருப்பது ஆங்கிலத்தில் oarfish எனப்படும் துடுப்பு மீன். அதன் வாயில் கோரைப்பல் இல்லை. நெற்றியில் சிவப்புக் கொண்டை. அங்கிருந்து முதுகு நெடுக, கண்டாங்கிச் சேலையின் கரை போல, சிவப்புத் துடுப்பு ஓடும். தலைக்குச் சற்றுக் கீழே கம்பி போன்ற இரண்டு நீண்ட துடுப்புகள் தொங்கும். அவை இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் வலையில் சிக்கும்போது முதலில் ஒடிவதும் அவைதான்.

எலும்புள்ள மீன்களிலேயே மிக நீளமானது இந்த இனம். 8 மீட்டர் வரை பதிவாகியிருக்கிறது. இதன் நெருங்கிய உறவினம் ஒன்று நம் கடலோடு தொடர்புடையது. விசாகப்பட்டினத்தில் கிடைத்த மீனை இயற்கை ஆய்வாளர் பேட்ரிக் ரஸ்ஸல் 1803இல் படத்தோடு பதிவு செய்தார். 1816இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே அந்த இனத்துக்கு ரஸ்ஸலின் பெயரையே இட்டார்.

பொதுவாக 200 மீட்டருக்குக் கீழே, 1,000 மீட்டர் வரை துடுப்பு மீன் வாழ்கிறது. மெக்ஸிகோ வளைகுடாவில் ஆளில்லா நீர்மூழ்கிக் கலங்களின் கேமராக்களில் பதிவான காட்சி விசித்திரமானது: தலை மேலே, வால் கீழே, உடல் நட்ட கம்பாக அசையாமல் நிற்க, முதுகுத் துடுப்பு மட்டும் அலையலையாக நெளிகிறது. நீந்துவதே அப்படித்தான். கூனிப்பொடி போன்ற சிற்றுயிர்களை நீரோடு உறிஞ்சி, செவுளில் உள்ள முட்களால் வடித்துத் தின்னும் மீனுக்குத் துரத்தி ஓடும் வேகம் எதற்கு? அதனால் தசையில் வலு குறைவு. நோயுற்றோ நீரோட்டத்தில் சிக்கியோ மேலே வந்துவிட்டால் திரும்ப வழியில்லை.

நிலநடுக்கக் கதை ஜப்பானிலிருந்து வந்தது. அங்கேயே 1928 முதல் 2011 வரை ஆழ்கடல் மீன்கள் தென்பட்ட 336 நிகழ்வுகளை 221 நிலநடுக்கங்களோடு ஒப்பிட்டு, 2019இல் ஆய்வு வெளியானது. பொருந்தியது ஒன்றே ஒன்று.

தொண்டிக் கடலில் இது கிடைக்குமா? பாக் நீரிணையின் பெரும்பகுதி 10 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. வழி தவறி வந்தால்தான் உண்டு. குழம்புக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு: சதை கொழகொழவென்று இருக்கும். செட்டிநாட்டு மசாலாவாலும் அதைக் காப்பாற்ற முடியாது.