மாரடைப்புக்கு இடது கை ஏன் வலிக்கிறது?

மாரடைப்பு வந்தபோது தன் தந்தை நெஞ்சைத் தொடவே இல்லை, இடது கையைப் பிடித்துக்கொண்டுதான் தவித்தார், அது எப்படி என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தோலின் உணர்வு நரம்புகள் தண்டுவடத்துக்குள் அடுக்கடுக்காக நுழைகின்றன. கையின் உட்புறத் தோலிலிருந்து வருபவை மார்புப் பகுதியின் மேல் அடுக்குகளில் நுழைகின்றன. இதயத்திலிருந்து வரும் வலி நரம்புகளும் அதே அடுக்குகளுக்குத்தான் வருகின்றன. அங்கே இரண்டும் ஒரே நரம்புச் செல்லில் போய்ச் சேர்கின்றன. அந்தச் செல் மூளைக்கு அனுப்பும் செய்தியில், வலி எங்கே கிளம்பியது என்ற விவரம் இருப்பதில்லை. கொசுக்கடி, சிராய்ப்பு, சூடு என்று காலமெல்லாம் தோலிலிருந்தே செய்தி வாங்கிப் பழகிய மூளை, இதையும் தோலின் கணக்கிலேயே எழுதிவிடுகிறது.

இதைவிட வியப்பானது உதரவிதானம், அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரை. விபத்தில் மண்ணீரல் கிழிந்து, கசிந்த ரத்தம் உதரவிதானத்தின் அடிப்பரப்பைத் தொட்டால், இடது தோள் வலிக்கிறது என்பார் நோயாளி. தோளில் ஒரு கீறல்கூட இருக்காது. காரணம் கருவறையிலேயே தொடங்குகிறது. நான்காவது வாரக் கருவில் உதரவிதானத்தின் மூலத்திசு கழுத்துக்கு நேரே இருக்கிறது. கழுத்தின் 3, 4, 5ஆம் நரம்புகளிலிருந்து அதற்கு நரம்பு கிடைக்கிறது. கரு வளர வளர, உதரவிதானம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இறங்கிவிடுகிறது. நரம்பும் விட்டுவிடாமல் கூடவே நீண்டு வருகிறது. தோளின் தோலுக்குப் போவதும் அதே கழுத்து நரம்புகளின் கிளைகள்தான். வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைக்குப் பிறகு பலருக்குத் தோள் வலிக்கிறதே, அதுவும் இதனால்தான்: வயிற்றுக்குள் செலுத்திய கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது.

உள்ளுறுப்பு நோய்களில் எந்தத் தோல் பகுதி வலிக்கிறது, கூசுகிறது என்று 1893இல் விரிவாக எழுதியவர் லண்டன் மருத்துவர் ஹென்றி ஹெட். 1900இல் கேம்ப்பெல் என்பவருடன் சேர்ந்து, அக்கி கண்டவர்களின் கொப்புளப் பட்டைகளைக் கொண்டே தோலின் நரம்பு வரைபடத்தை வகுத்தார். அக்கி வைரஸ் ஒரு நரம்பின் முடிச்சில் பதுங்கியிருந்து, அந்த நரம்பு போகும் தோலில் மட்டும் வெடிக்கிறது. எவ்வளவு கூர்மையான கவனிப்பு!

நம் ஊரிலோ இன்னமும் அந்தக் கொப்புளங்களின் மேல் காவி மண்ணால் அக்கி எழுதுகிறார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு. வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். அந்த நேரமெல்லாம் காவி காய்வதிலேயே கழிந்துவிடுகிறது. கண்ணருகே வரும் அக்கி பார்வையையே பறிக்கக்கூடும்.

மாரடைப்பிலும் இதே கதைதான். கையோ தாடையோ மேல்வயிறோ வியர்வையோடு வலித்தால், வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருக்கிறார்கள். உடனே போய் இசிஜி எடுக்க வேண்டும். நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. இதயத்திலிருந்து வரும் நரம்புகளே பழுதாகியிருந்தால், கைவலி என்ற எச்சரிக்கைகூட அவர்களுக்குக் கிடைக்காது. மூச்சிரைப்போ திடீர் வியர்வையோ மட்டுமே தெரியலாம்.