இயற்கையானது கெடுதல் செய்யாது என்று யார் சொன்னது?

"இந்தத் தாவரச் சத்து புற்றுநோய் பரவுவதைத் தடுக்கிறதாம் டாக்டர்" என்று கைபேசியை நீட்டும் நோயாளிகளிடம் எனக்கு வருத்தமே இல்லை. உட்கார்ந்து பேசலாம். என்னிடம் சொல்லாமல் அந்த மாத்திரையை வாங்கி விழுங்கி, கீமோவைப் பாதியில் விட்டுவிட்டு, பல மாதம் கழித்துக் கல்லீரலில் பரவிய நோயோடு வருகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அண்மையில் அப்படி வந்த பெண்மணிக்கு முதலில் இருந்தது மார்பில் ஒரு சிறிய கட்டி. முழுதாகக் குணப்படுத்தியிருக்கக் கூடியது.

அந்தச் செய்தி பெரும்பாலும் பொய்யில்லை. ஆய்வு நடந்திருக்கும். எப்படி நடந்தது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. சின்ன பிளாஸ்டிக் தட்டில் புற்றுநோய் செல்களை வளர்ப்பார்கள். அடிப்பகுதி முழுக்கப் படர்ந்ததும் நடுவே மெல்லிய முனையால் ஒரு கோடு கீறுவார்கள். கோட்டிலிருந்த செல்கள் உரிந்துபோய் இடைவெளி விழும். இரு பக்கத்துச் செல்களும் நகர்ந்துவந்து அதை மூடப் பார்க்கும். மஞ்சளில் உள்ள குர்குமினை ஒரு தட்டில் சேர்த்து, இன்னொன்றைச் சும்மா விட்டு, 24 மணி நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், குர்குமின் சேர்த்த தட்டில் கோடு சரியாக மூடியிருக்காது. 'பரவலைத் தடுக்கிறது' என்ற தலைப்பு பல நேரம் இந்தக் கோட்டிலிருந்துதான் வருகிறது.

நல்ல ஆய்வுதான், மருந்து தேடுவதில் முதல் படி. ஆனால் தட்டில் குர்குமின் நேராகச் செல்லின் மேலேயே விழுகிறது. வாயால் சாப்பிட்டால் குடல் உறிஞ்சுவதே கொஞ்சம். அதையும் குடற்சுவரும் கல்லீரலும் மாற்றி வெளியேற்றிவிடும். நாளொன்றுக்கு 8 கிராம் வரை கொடுத்துப் பார்த்தபோதும் ரத்தத்தில் தங்கியது சொற்பமே.

சரி, "பலன் இல்லாவிட்டால் போகட்டும், செடிதானே, என்ன கெடுதல்?" இந்தக் கேள்விதான் என்னை மிகவும் சோர்வடையச் செய்கிறது. நீங்கள் பயப்படும் கீமோ மருந்துகளிலேயே பல செடியிலிருந்து வந்தவை. வின்கிறிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியில் கிடைத்தது. பாக்லிடாக்சல் பசிபிக் யூ மரத்தின் பட்டையில் இருந்தது: பட்டையைச் சேகரித்தது 1962-இல், அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் கிடைத்தது 1992-இல். எவ்வளவு கொடுத்தால் கட்டி சுருங்கும், எவ்வளவு வரை மனித உடம்பு தாங்கும் என்று கண்டறியாமல் எந்தச் செடிச் சத்தும் மருந்தாவதில்லை. வின்கிறிஸ்டினை ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் நாங்கள் கொடுப்பதில்லை. அந்த அளவிலேயே விரல் மரத்து, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுபவர்கள் உண்டு. அதே மருந்து தவறுதலாக முதுகுத்தண்டுத் திரவத்தில் ஏறினால் உயிர் போய்விடும். எனவேதான் அதைச் சிரிஞ்சில் எடுக்காமல் சிறிய பையில் கலந்து ரத்தக் குழாயில் ஏற்றச் சொல்கிறோம். இத்தனை வீரியமும் ஒரு பூச்செடியின் சத்துக்குத்தான்.

ஆப்ரிகாட் கொட்டையில் உள்ள அமிக்டலினும் இயற்கையானதே. அதை 178 புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1982-இல் வெளியானது. நோயைத் தடுக்கவில்லை, சிலருடைய ரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியது.

இன்னொரு தொல்லை, ஒன்று மற்றொன்றைக் கெடுப்பது. மனச்சோர்வுக்கு எடுக்கும் செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையோடு இரினோடிகன் என்ற கீமோ மருந்தை ஏற்றிக்கொண்டவர்களின் ரத்தத்தில், நோயைத் தாக்கும் பகுதி சுமார் 40 சதவீதம் குறைந்தது. குர்குமின் மாத்திரைகள் பலவற்றில் உறிஞ்சலைக் கூட்ட மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். மருந்துகளை உடைக்கும் கல்லீரல் நொதிகளை அது தடுக்கக்கூடும். அப்புறம் சிலருக்கு ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் ஏறலாம். மாத்திரை விஷயம் தெரியாமல், கீமோவாலா, நோய் பரவியதாலா என்று நாங்கள் ஸ்கேன் எடுத்துத் தேடுவோம், அடுத்த கீமோ சுற்று தள்ளிப்போகும்.

பரவாத நிலையில் கண்டறிந்தும் மாற்று மருத்துவத்தை மட்டுமே நம்பியவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இறப்பு அபாயம் சுமார் 2.5 மடங்கு என்று 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மார்பகப் புற்றுநோயில் அது 5 மடங்கைத் தாண்டியது.

சமையலில் சேரும் மஞ்சளைப் பற்றி நான் பேசவில்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள். செறிவூட்டிய மாத்திரை, பொடி, சாறு எதுவானாலும் லேபிளோடு டப்பாவைக் கொண்டுவந்து காட்டுங்கள். போட்டோ போதாது, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதையும் படிக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சில மூலிகைகள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். உறவினர் சொன்னார் என்று ஒரு சுற்றைக்கூடத் தவறவிடாதீர்கள். தாவரச் சத்தை முயன்றே ஆகவேண்டும் என்றால் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கும் மருத்துவ ஆய்வு எங்காவது நடக்கிறதா என்று கேளுங்கள், சேர்ந்து தேடுவோம்.

ஏற்கனவே கீமோவை நிறுத்திவிட்டீர்களா? தயவுசெய்து இந்த வாரமே வாருங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். எத்தனை சுற்று விட்டுப்போனது, நோய் இப்போது எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, எங்கிருந்து தொடர முடியும் என்று சொல்கிறோம்.