'நல்லா அழுதுட்டா மேடம், லேசாயிருக்கும்'

இந்த மார்ச்சில் மட்டும் இது மூன்றாவது முறை. மகளிர் தினம் வந்தால் போதும், போரில் சிக்கிய பெண்களைப் பற்றி ஏதாவது ஒரு படத்தைக் கல்லூரிகளில் போடுவார்கள். படம் முடிந்ததும் பேசுவதற்கு என்னைப் போன்ற மனநல ஆலோசகர் ஒருவரைக் கூப்பிடுவார்கள். நானும் போவேன். மூன்றாவது இடத்தில் நடந்ததை, ஆளும் ஊரும் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன்.

படம் 'டூ விமன்'. விட்டோரியோ டி சிகா 1960-ல் எடுத்தது. சோஃபியா லோரனுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த படம். இரண்டாம் உலகப் போரில், 1944-ல் மோன்டே கசினோ சண்டை முடிந்த கையோடு இத்தாலியக் கிராமத்துப் பெண்கள்மேல் படைவீரர்கள் பாய்ந்ததுதான் பின்னணி. தேவாலயத்துக்குள் தாயையும் மகளையும் ஒரு கூட்டமே சூழ்ந்துகொள்ளும் காட்சி வந்தபோது, நடு வரிசையில் ஒரு மாணவி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் அதன் மூடி. காட்சி முடிந்து வெகுநேரமாகியும் மூடியைப் போடவில்லை. இரண்டு பக்கமும் ஆள், அரங்கு முழுக்க இருட்டு. 'டிஸ்டர்பன்ஸ் வேண்டாம்' என்று கதவைத் தாழ் வேறு போட்டிருந்தார்கள். (தீயணைப்புத் துறைக்காரர் யாராவது வந்திருந்தால் அதற்கே நோட்டீஸ் கொடுத்திருப்பார்.) விளக்கு எரிந்த பிறகுதான் அவள் நடுங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. அப்புறம் அழுகை, மூச்சிரைப்பு.

ஏற்பாடு செய்த பேராசிரியை என்னிடம் வந்து நிம்மதியாகச் சொன்ன வார்த்தைதான் மேலே தலைப்பாக இருக்கிறது.

இல்லை அம்மா, லேசாயிருக்காது. இதை எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை, இருந்தாலும் இன்னொரு தரம் சொல்கிறேன். துக்க வீட்டில் கட்டிக்கொண்டு அழுதால் பாரம் இறங்குகிறது, வாஸ்தவம்தான். அங்கே தோள் கொடுக்க நம் மனுஷர்கள் இருக்கிறார்கள். யாருக்காக அழுகிறோம், எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதெல்லாம் தெரியும். வேண்டும்போது எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டும் வரலாம். வன்முறைக்கு ஆளானவளை இருட்டறையில் உட்காரவைத்து அதே வன்முறையைப் பெரிய திரையில் காட்டினால் வருவது அந்த அழுகை இல்லை, ஃப்ளாஷ்பேக். ஃப்ளாஷ்பேக் என்றதும் நமக்குச் சினிமாதான் ஞாபகம் வரும்: கருப்பு வெள்ளையில், பின்னணி இசையோடு, 'பத்து வருடங்களுக்கு முன்பு' என்று எழுத்துப் போட்டு. எங்களிடம் வருகிறவர்களின் ஃப்ளாஷ்பேக்கில் அந்த எழுத்து கிடையாது. உடம்புக்கு அது இப்போதுதான் நடக்கிறது. அன்றைக்கு ஓட முடியவில்லை, இன்றைக்கும் கதவு தாழ்போட்டிருக்கிறது. இதில் எங்கிருந்து பாரம் இறங்கும்?

'எல்லாத்தையும் ஒரே மூச்சில் கொட்டிட்டா சரியாயிடும்' என்பதும் இதே ரகம்தான். பேரிடரோ வன்முறையோ நடந்த கையோடு ஆட்களை உட்காரவைத்து, நடந்ததை ஒரே அமர்வில் விவரமாகச் சொல்லவைக்கும் முறை ஒருகாலத்தில் எங்கள் தொழிலிலேயே இருந்தது. பலன் இல்லை என்று ஆய்வுகள் காட்டியபின், அதைச் செய்யாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. நாங்களே கைவிட்டதைக் கலையரங்கத்தில் மைக் வைத்துச் செய்துகொண்டிருக்கிறார்கள். அன்றும் மைக் நேராக அந்தப் பெண்ணிடம்தான் போனது. நான்தான் இடையில் புகுந்து வாங்கி வைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு மாணவன் கேட்டான், 'அவ்வளவு நடந்த பிறகு அந்த மகள் எப்படி மேடம் லாரிக்காரனோடு போய் ஸ்டாக்கிங்ஸ் வாங்கிட்டு வர்றா?' நல்ல கேள்வி. அவள் கெட்டுப்போகவில்லை, மரத்துப்போயிருக்கிறாள். தாய் அடித்தும் அவளிடம் அழுகை இல்லை. தெரிந்த இளைஞன் ஒருவன் செத்துப்போன செய்தி கேட்டபிறகுதான் அழுகிறாள். அழாதவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முடிவுகட்டும் பெற்றோர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

என்னைக் கேட்டால், காட்ட வேண்டிய படம் யாஸ்மிலா ஷ்பானிச்சின் 'கிர்பாவிட்சா'. 2006-ல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது வாங்கியது. போஸ்னியப் போரில் வன்கொடுமைக்கு ஆளான எஸ்மாவும் அவள் மகளும் சரயேவோவில் வாழும் வாழ்க்கைதான் கதை. அந்தக் கொடுமை ஒரு நொடிகூடத் திரையில் வராது. மகள் விளையாட்டாகத் தாயைத் தரையில் தள்ளிக் கைகளை அழுத்திப் பிடிக்கிறாள், தாயின் முகம் மாறிவிடுகிறது. நெரிசலான பேருந்தில் சட்டைப் பொத்தான் திறந்த ஓர் ஆணின் மார்பு பக்கத்தில் வருகிறது, அவள் இறங்கிப் போய்விடுகிறாள். வகுப்பில் நான் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாலும் இவ்வளவு விளங்காது. பெண்கள் கூடும் இடத்தில் பலமுறை வாய் திறக்காமல் இருந்துவிட்டு, கடைசியில் தானாகத்தான் பேசுகிறாள். யாரும் மைக் நீட்டவில்லை.

சரி, திரையிடத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் நீங்கள் படத்தை முழுசாகப் பாருங்கள். வன்முறை எந்த நிமிடத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று குறித்து, முந்தின நாளே சொல்லிவிடுங்கள். இப்படிச் சொல்வது மருந்து என்று நினைத்துவிடாதீர்கள், அதனால் படம் பார்க்கும்போது வரும் வேதனை குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. வருவதா வேண்டாமா, வந்தால் எந்த நாற்காலி என்பதை அவள் தீர்மானிக்கலாம், அதற்காகத்தான். வருகைப் பதிவு எடுக்காதீர்கள். கதவைத் தாழ்போடாதீர்கள். ஓரத்து விளக்கு ஒன்றாவது எரியட்டும். எழுந்து போகிறவளை 'எங்கே போற?' என்று கேட்காதீர்கள், தயவுசெய்து. வெளியே ஒரு பெண் ஊழியர் இருந்தால் போதும்.

யாராவது உறைந்துபோனால் சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். கட்டிப்பிடிக்காதீர்கள், அன்புதான் என்றாலும். சற்றுத் தள்ளி உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இது எந்த இடம், இன்று என்ன கிழமை என்று சொல்லுங்கள். பாதங்களைத் தரையில் அழுத்தச் சொல்லுங்கள். யாரைக் கூப்பிடட்டும் என்று அவளிடமே கேளுங்கள். வீட்டுக்குப் போன் போடுவதற்கு முன்னால் இதைக் கேட்டே ஆக வேண்டும், பல சமயம் ஆபத்து வீட்டில்தான் இருக்கிறது. இரவெல்லாம் தூக்கம் இல்லை, படம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், இலவசம். வன்முறை இப்போதும் நடந்துகொண்டிருந்தால் பெண்கள் உதவி எண் 181.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கல்லூரியிலிருந்து போன். படத்தின் பெயரைச் சொன்னார்கள். அந்தக் காட்சி எத்தனையாவது நிமிடத்தில் என்று கேட்டேன். 'நாங்க இன்னும் பார்க்கல மேடம், ஆனா பெரிய அவார்டு வாங்கின படம்' என்றார். பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.