சோறு தின்று மாடு செத்தால் காப்பீட்டுப் பணம் வருமா?

விருந்து வீட்டு மீதிச் சோற்றை வயிறு முட்டத் தின்ற கறவை மாடு மறுநாள் எழுந்திருக்காமலே போகலாம். மாட்டின் முதல் வயிற்றில் வைக்கோலையும் புல்லையும் செரித்துச் சத்தாக்குவது நுண்ணுயிரிகள். திடீரென்று சோறு குவிந்தால் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் வகை பெருகி, நாரைச் செரிக்கும் வகை மடிந்துவிடும். அமிலம் ரத்தத்தில் ஏறி மாடு சாய்ந்துவிடும்.

நோயாலோ விபத்தாலோ செத்தால் கால்நடைக் காப்பீட்டில் பணம் உண்டு. தேசிய கால்நடை இயக்கத்தில் 2024-இல் வந்த மாற்றப்படி, பிரீமியத்தில் 15 சதவீதம்தான் உங்கள் பங்கு. சரி, பணம் எங்கே சிக்குகிறது?

முதலில் காதுவில்லையில், அதாவது மாட்டின் காதில் மாட்டிய எண் வில்லையில். வில்லை இல்லாத மாட்டுக்குப் பணம் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கம்பத்தில் உரசி வில்லை விழுந்துவிட்டால் அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, புது எண்ணைப் பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள். வில்லை எண்ணின் 12 இலக்கமும் பாலிசியோடு ஒத்துப்போகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். சந்தையில் வாங்கிய மாடு என்றால் பாலிசியும் உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும்.

உயிர் இருக்கும்போதே 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள். சோறு தின்றதை மறைக்காதீர்கள். மறைத்தால் வைத்தியமே தவறிப்போகும். நாட்டு ஊசிக்காரரிடம் போனால், தகுதியற்றவர் வைத்தியம் என்று சொல்லியே மறுக்க இடமுண்டு.

செத்த பிறகு அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள், வில்லையைக் கழற்றாதீர்கள். வில்லை எண் தெரியப் படம் எடுங்கள். டாக்டருக்குச் சொன்னால் போதும் என்று இருந்து ஏமாந்தவர்கள் பலர். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே தனியாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் மருந்தகத்தைக் கை காட்டுவார்கள், மருந்தகம் அவர்களைக் கை காட்டும். அலைவது நீங்கள்தான். போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் வில்லை எண்ணும், வயிற்றில் கண்ட செரிக்காத சோறும், சாவுக்கான காரணமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள்.

திட்டத்தின் வழிகாட்டு நெறிகள் கேட்பது நான்கே தாள்கள்: இறப்புத் தகவல், பாலிசி, கோரிக்கைப் படிவம், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை. ஐந்தாவதாக எதையாவது கேட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். கொடுத்த 15 நாளில் பணம் வர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 12 சதவீதக் கூட்டு வட்டி சேர்த்துத் தர வேண்டும். அந்த 15 நாளைக் கணக்கிட உங்கள் கையில் ஒப்புகைச் சீட்டு வேண்டும். தேதியும் முத்திரையும் இல்லாமல் தாளை நீட்டாதீர்கள். அப்புறமும் இழுத்தடித்தால், அந்தச் சீட்டின் நகலோடு மாவட்டக் கால்நடை இணை இயக்குநருக்கு மனுக் கொடுங்கள்.