முன்சீட்டுக்காரர் சாயட்டும் என்று குழந்தையைத் திருப்பாதீர்கள்

நியூஜெர்சியில் குழந்தைகளுக்கான கார் சீட்டுகளைப் பொருத்திச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. கோடை விடுமுறை முடிந்து குடும்பங்கள் திரும்பும்போதெல்லாம் கேட்கிற கதையை இந்த முறையும் கேட்டேன். எட்டு மாதக் குழந்தை. தனி டிக்கெட் வாங்கி, ரியர் ஃபேஸிங் (குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காரும்) சீட்டை விமானத்துக்குள் தூக்கிக்கொண்டு போய், ஜன்னலோரம் ஒழுங்காகக் கட்டியும் இருக்கிறார்கள். முன்சீட்டில் இருந்தவர் சாய முடியவில்லை என்று குறைபட்டதும், பணிப்பெண் வந்து "முன்னால் பார்த்த மாதிரி திருப்புங்கள், இல்லையென்றால் கழற்றிவிடுங்கள்" என்றிருக்கிறார். அது கைக்குழந்தைகளுக்கான, திருப்பவே கூடாத இன்ஃபன்ட் சீட். கழற்றிவிட்டுக் குழந்தையை டல்லாஸ் வரை மடியில் வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். "என்னக்கா பண்றது, எல்லாரும் எங்களையே பாத்தாங்க" என்றார் அந்த அம்மா.

பணம் கட்டி, பாரம் சுமந்து, எல்லாம் சரியாகச் செய்தவர்களுக்கே இந்த நிலை என்றால் ஆத்திரமாக வருகிறது.

விதி தெளிவாகவே இருக்கிறது. அமெரிக்க விமான நிறுவனங்களுக்கு மத்திய அரசு விதித்தொகுப்பின் 14 சி.எஃப்.ஆர். 121.311 என்ற பிரிவு பொருந்தும். குழந்தைக்கு டிக்கெட் இருக்க வேண்டும், பெற்றோர் கூட இருக்க வேண்டும், சீட்டில் ஒப்புதல் லேபிள் இருக்க வேண்டும், குழந்தை எடை வரம்புக்குள் இருக்க வேண்டும், சீட்டும் குழந்தையும் முறையாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். இவை இருந்தால் அந்தச் சீட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று நிறுவனம் தடுக்க முடியாது. முன்சீட்டுக்காரர் சாய வேண்டும் என்பது அந்த நிபந்தனைகளில் எங்கும் இல்லை. சீட்டை எந்த வரிசையில் வைப்பது என்று அவர்கள் முடிவு செய்யலாம். இந்த இடத்தில் பொருந்தவில்லை என்றால் அதே வகுப்பில் வேறு இடம் கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், பக்கத்துப் பயணியிடம் வாதாடவும் வேண்டாம். விதியை போனில் சேமித்துவைத்து, தலைமைப் பணியாளரை வரச்சொல்லிக் காட்டுங்கள்.

குழந்தை ஏன் பின்பக்கம் பார்த்தே இருக்க வேண்டும் என்று இன்னொரு முறை விளக்கப்போவதில்லை. பெரிய தலை, முற்றாத கழுத்தெலும்பு. அவ்வளவுதான்.

நான் விளக்கியே ஆக வேண்டியது வேறு. "நான் கெட்டியா புடிச்சுக்குவேன்." அப்பா சொல்கிறார், பாட்டி சொல்கிறார், படித்த பொறியாளர்களும் சொல்கிறார்கள். பிடிக்க முடியாது. பாசம் குறைவு என்பதால் அல்ல, கணக்கு அப்படி. இன்றைய பயணிகள் விமான இருக்கைகளை 16 ஜி, அதாவது எடையைப்போல் 16 மடங்கு விசையைத் தாங்குமா என்று சோதிக்கிறார்கள். அந்தக் கணத்தில் எட்டு கிலோக் குழந்தையைப் பிடிக்க 128 கிலோவைத் தாங்கும் கை வேண்டும், அதுவும் நீங்கள் தயாராகும் முன்பே. சரி, என் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டிக்கொள்கிறேன் என்கிறார்கள் சிலர். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அதிர்ச்சியில் உங்கள் உடம்பு முன்னால் மடியும். பெல்ட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் நசுங்குவது குழந்தை. பல நாட்டு விமானங்களில் பெற்றோரின் பெல்ட்டோடு மாட்டத் தருகிற இணைப்பு பெல்ட் குழந்தை பறந்துபோகாமல் தடுக்கும், நீங்கள் அதன்மேல் மடிவதைத் தடுக்காது. அமெரிக்க விமானங்களில் புறப்படும்போதும் இறங்கும்போதும் அதற்கு அனுமதி கிடையாது.

1989 ஜூலை 19 அன்று அயோவாவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் நொறுங்கியது. மடியில் நான்கு குழந்தைகள் இருந்தன. அன்றைய நடைமுறைப்படி அவர்களைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். நால்வரில் ஒரு குழந்தை பிழைக்கவில்லை. அப்படிச் சொல்ல வேண்டியிருந்த தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன், அதன்பின் பல ஆண்டுகள் ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கை வேண்டும் என்று போராடினார். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. அதைக் கட்டாயமாக்கவில்லை. 2005இல் அவர்கள் சொன்ன காரணம்: டிக்கெட் செலவுக்குப் பயந்து குடும்பங்கள் காரில் கிளம்பினால் சாலையில் உயிரிழப்பு கூடும். அந்தக் கணக்கு சரியாகவே இருக்கட்டும். மடி பாதுகாப்பானது என்று அதில் எங்கே இருக்கிறது? இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மடி பாதுகாப்பான இடமல்ல என்று அதே எஃப்.ஏ.ஏ. இன்றும் சொல்கிறது. 2024 ஜனவரி 5 அன்று போர்ட்லாந்தில் கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில் பயன்படுத்தாத கதவிடத்தை மூடியிருந்த பலகை பிய்த்துக்கொண்டு போனபோதும் மூன்று கைக்குழந்தைகள் மடியில்தான் இருந்தார்கள்.

இனி செய்ய வேண்டியது. சீட்டின் பக்கவாட்டில், காருக்கும் விமானத்துக்கும் ஏற்றது என்று ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்தில் இருக்கும். அதைப் படமெடுத்து வையுங்கள். பெரிய பிள்ளைகளை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் சீட்டுகளில் அது இருக்காது, புறப்படும்போதும் இறங்கும்போதும் அவற்றுக்கு அனுமதியும் இல்லை. இன்ஃபன்ட் சீட்டைக் காரில் மாட்டிவைக்கும் தனி அடிப்பாகத்தை விமானத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். காரில் இருக்கும் கொக்கிகள் அங்கே கிடையாது, இடுப்பு பெல்ட் மட்டும்தான். அடிப்பாகம் இல்லாமல் கட்டுவது எப்படி என்று உங்கள் சீட்டின் கையேட்டில் பாருங்கள், வீட்டிலேயே.

ஜன்னல் சீட்டே கேளுங்கள். அவசர வழி வரிசையிலும் அதற்கு முன்பின் வரிசைகளிலும் வைக்க விடமாட்டார்கள். பெல்ட் தடிமனாகவும் கனமாகவும் இருந்தால் உள்ளே காற்றுப்பை இருக்கலாம். அங்கே கட்டக் கூடாது.

சீட்டில் ரியர் ஃபேஸிங்குக்கென்று உள்ள பெல்ட் பாதையில் விமான பெல்ட்டை நுழைத்து, சீட்டை ஒரு கையால் அழுத்திக்கொண்டு பெல்ட்டின் தொங்கும் நுனியை இழுத்து இறுக்குங்கள். பெல்ட் போகும் இடத்தில் பிடித்து அசைத்தால் ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. பலர் மாட்டிக்கொள்வது இறங்கும்போதுதான். பக்கிள் சீட்டின் ஓட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடும், மூடியைத் தூக்க விரல் நுழையாது. இறுக்கும் முன்பே அது எங்கே வருகிறது என்று பாருங்கள். உள்ளே போனால் நீட்டிப்பு பெல்ட் ஒன்று கேட்டு வாங்குங்கள், பக்கிள் இடம் மாறிவிடும்.

சென்னைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. வளைகுடா வழியோ ஃப்ராங்க்ஃபர்ட் வழியோ வெளிநாட்டு நிறுவனங்களில் போனால் நான் சொன்ன விதி அந்த நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது. ரியர் ஃபேஸிங் சீட்டை அனுமதிப்பார்களா என்று டிக்கெட் எடுக்கும் முன் மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலை அச்செடுத்துக் கையில் வையுங்கள், போனில் சொன்னார்கள் என்பது விமானம் ஏறும் வாசலில் செல்லாது. விமானத்தில் தொட்டில் கிடைக்கிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். புறப்படும்போதும் இறங்கும்போதும் அதில் குழந்தை இருக்கக் கூடாது, குலுங்கத் தொடங்கினாலும் எடுத்துவிடச் சொல்வார்கள்.

தனி டிக்கெட்டுக்குப் பணம் இல்லை என்பவர்களை நான் திட்டப்போவதில்லை. கூட்டம் குறைந்த நாளில் பயணம் வையுங்கள், சீட்டோடு போய் காலி இடம் இருக்கிறதா என்று வாசலில் கேளுங்கள். பல நிறுவனங்கள் தருகின்றன. சீட்டை லக்கேஜோடு மட்டும் போடாதீர்கள். எறிந்து கையாண்ட சீட்டில் விரிசல் உறைக்கு அடியில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நியூவர்க்கில் இறங்கியதும் அதே சீட்டில்தான் குழந்தையை வைத்துக் காரில் போகப்போகிறீர்கள்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே சீட்டையும் கையேட்டையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அருகிலுள்ள கார் சீட் பரிசோதனை நிலையத்துக்கு வாருங்கள். இடுப்பு பெல்ட்டை மட்டும் வைத்துக் கட்டிப் பழக்கிவிடுகிறோம். பெரும்பாலான இடங்களில் இதற்குக் கட்டணம் இல்லை.